பல்லுக்குக் கம்பி கட்டிய தெரு

சண்முகவடிவுக்கு நாலு பல்லைப் பிடுங்கியபோது பூவணங்குளம் மடத்துத் தெருவில் நாலு வீடுகள் இல்லாமல் போயின. இடிந்து விழவில்லை, தீப்பிடிக்கவில்லை, ஒரு ஓடு நழுவிய சத்தம்கூட யாருக்கும் கேட்கவில்லை. முதல் வாரம் வலதுபக்கம் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் எடுத்துவிட்டு வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வடிவு வீடு திரும்பினாள், மறுநாள் காலை வாசல் தெளிக்க வந்த பெண்கள் வடக்கு வரிசையில் ஒரு வீடும் தெற்கு வரிசையில் ஒரு வீடும் இருந்த இடத்தில் பெருக்கிவிட்ட மாதிரி வெறும் தரை கிடப்பதைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் இடதுபக்கமும் அதேபோல் ஆயிற்று. நாலுமே பம்பாய்க்குப் பிழைக்கப் போனவர்கள் பூட்டிப்போட்ட வீடுகள் என்பதால் ஆள்சேதம் இல்லை, ஒரு பூனை மட்டும் இடம் மாறிப் போய் மூன்றாம் வீட்டில் குட்டி போட்டது.

இதற்கெல்லாம் காரணம் வடிவின் அம்மா காந்திமதிதான் என்று தெருவில் பாதிப்பேர் சொன்னார்கள். பால்பல் விழுந்தால் சாணி உருண்டைக்குள் பொதிந்து கூரைமேல் எறிவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். மகளுடைய பல்லை ஆஸ்பத்திரிக் குப்பையில் விட மனசு வராத காந்திமதி, பிடுங்கியதைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்து வந்து, இருபத்தெட்டு வயதுப் பல்லைப் பால்பல்லுக்குச் செய்கிற மாதிரியே செய்து ஓட்டுக்கூரைமேல் வீசிவிட்டாள். மீதிப்பேர் அப்படியெல்லாம் இல்லை, வடிவின் வாயும் அந்தத் தெருவும் அவள் பல் முளைத்த நாளிலிருந்தே ஒரே வார்ப்புதான், ஒருத்தரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்றார்கள். பார்த்தால் உண்மைதான். வடக்கு வரிசையின் நடு வீடுகள் இரண்டும் தெருவுக்குள் துருத்திக்கொண்டு நின்றன, தெற்கு வரிசை ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்துக் கிடந்தது, துருத்திய இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. அந்த இரண்டில் ஒன்று வடிவின் வீடு.

பம்பாய்க்காரர்களில் ஒருவர் போன் பண்ணி வீடு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சுப்பையா அண்ணாச்சிதான் எடுத்துப் பேசினார்.

"வீட்டப் பிடுங்கியாச்சு."

"யாரு பிடுங்கினது?"

"பாளையங்கோட்டையில ஒரு டாக்டரம்மா."

பம்பாய்க்காரர், இனிமேல் வீட்டுவரி கட்டணுமா என்று கேட்டார். வேண்டாம் என்றதும் சரி என்று வைத்துவிட்டார்.

வடிவு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கிறவள். அந்த வேலை அவளுக்குப் பிடித்ததற்கு ஒரே காரணம், பாஸ்போர்ட் படத்துக்கு யாரும் சிரிக்கக் கூடாது. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, நாடியை லேசாக உயர்த்தி, வாயை மூடிக்கிடுங்க என்று சொல்லும்போது அவளுக்கு ஒரு நிம்மதி. அவளுடைய சொந்தப் படம் எதிலும் பல் தெரியாது. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும், கை ஒழியாதபோது தாவணியோ துப்பட்டாவோ போகும், இரண்டும் இல்லாதபோது அவள் சிரிக்கமாட்டாள்.

அவளுக்குத் துருவி என்று பேர் வைத்தவள் மாடத்தி. அந்தச் சந்தின் கடைசியில், குளத்துமதிலை ஒட்டி இருக்கும் ஒற்றை அறை வீட்டுக்காரி, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டி போட்டு ஆப்பம் சுட்டு விற்கிறவள், புருஷன் இல்லை, பெற்ற மகள் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறாள். வடிவுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது மாடத்தி தேங்காய் உடைத்து வைத்துக்கொண்டு, "ஏட்டி, இங்க வா, ஒம் முன்பல்லுல ரெண்டு மூடியத் துருவிக் குடுத்துட்டுப் போ" என்றாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர் பள்ளிக்கூடம் வரை போயிற்று, பெண்பார்க்க வந்த வீட்டார் காதுக்கும் போயிற்று. வடிவு அதை மறந்ததே இல்லை. சம்பளத்தில் மிச்சம்பிடித்து இருபத்தெட்டு வயதில் பல் டாக்டரிடம் போனதற்கு, வாயைத் திறந்து சிரித்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரு காரணம் என்றால், அந்தப் பேரை மாடத்தி வாயாலேயே திரும்ப வாங்கவைக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

டாக்டர் ஜெசிந்தா முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தாடையைப் படம் பிடித்து, வாய்நிறையப் பசைமாவை அப்பி அச்சு எடுத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்து, "எல்லாம் முடிய ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகலாம். இடம் பத்தாது, அதனால நாலு பல் எடுக்கணும். அப்புறம் கம்பி. மாசாமாசம் வந்து முறுக்கிக்கிடணும். வலிக்கும். பிடுங்குற வலி மாதிரி இல்ல, நகர்ற வலி. வாய்க்குள்ள உராயும், மெழுகு தாரேன், உருட்டி ஒட்டிக்கிடுங்க. கெட்டியானதும் ஒட்டுறதும் திங்கக் கூடாது. அவசரப்பட்டா ஒண்ணும் நடக்காது" என்றாள். வீடுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது அவளுக்கே தெரியாது.

கம்பி கட்டிய அன்று சாயங்காலமே தெரு வலிக்க ஆரம்பித்தது. கதவுநிலைகள் கடுகடுத்தன, ஜன்னல் கம்பிகள் தொட்டால் கூசின, கதவைச் சாத்தினால் திறக்கவில்லை, திறந்தால் சாத்த வரவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர்களுக்குப் பல்லோடு பல் உரசுகிற மாதிரி ஒரு கூச்சம் முதுகில் ஏறியது. வடிவு வீட்டில் கஞ்சி குடித்தாள். உரலில் உலக்கை போட்டால் வீடு நோகிறது என்று கண்டுகொண்ட மற்ற வீட்டாரும் அன்றைக்குக் கஞ்சியே வைத்தார்கள், மறுநாள் ரசம்சாதம், அதற்கு மறுநாள் குழைய வேகவைத்த இட்லி. வலி அடங்கியதும் பார்த்தால் வடக்கு வரிசையில் மூன்று வீடுகள் காலியான இடத்தைப் பார்த்து ஒரு நகக்கண் அளவு நகர்ந்திருந்தன. சுப்பையா அண்ணாச்சி தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, நகருது என்றார். எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அதன்பிறகு வடிவு பாளையங்கோட்டைக்குப் போகிற நாள் தெருவுக்கே ஒரு நாள் ஆயிற்று. முந்தின நாளே பரணில் உள்ள பாத்திரங்களை இறக்கித் தரையில் வைத்தார்கள், சாமிபடங்களை ஆணியிலிருந்து கழற்றினார்கள், குழந்தை பெறுகிற நிலையில் உள்ளவர்களை அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள், தச்சர் இழைப்புளியோடு தெருமுனையில் வந்து காத்திருந்தார். ஓரத்து வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டுச் சுவரை உரசிப் புண்ணாக்கியபோது டாக்டர் மகளுக்குக் கொடுத்த மெழுகில் காந்திமதி கொஞ்சம் கிள்ளி அந்த மூலையில் அப்பினாள், உராய்வு நின்றது. மேற்கே குளத்தடித் தெருக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டு, அசையாத நல்ல பல் இரண்டைப் பிடுங்கிச் சாணியில் பொதிந்து கூரையில் எறிந்து பார்த்தார்கள். காக்கா தூக்கிக்கொண்டு போயிற்று.

வடிவின் சாப்பாடு பொதுக்காரியம் ஆனது. சுப்பையா அண்ணாச்சி அவளுக்குக் கடலைமிட்டாய் விற்பதை நிறுத்தினார், பொங்கலுக்குக் கரும்பை அவள் கண்ணில் காட்டாமல் வெட்டினார்கள், ஸ்டுடியோவிலிருந்து திரும்பும்போது எதிரே வருகிறவர்கள் என்னத்தையும் கடிச்சியா என்று கேட்டுவிட்டுத்தான் சுகம் விசாரித்தார்கள். அப்படியும் ஒரு கல்யாண வீட்டில் யாரும் பார்க்காதபோது அவள் ஒரு முறுக்கைக் கடித்துவிட்டாள். கடைவாய்ப்பல்லில் கம்பியைப் பிடிக்க ஒட்டியிருந்த கட்டி படக்கென்று கழன்றது, அண்ணாச்சியின் கடை அரை வட்டம் சுழன்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது. வாங்க வந்தவர்கள் பின்கதவு வழியாகப் போய் உளுந்து வாங்கினார்கள். டாக்டர் மறுபடி ஒட்டிக் கடை முகம் திருப்புகிறவரை அண்ணாச்சி அவளுக்கு முகம் கொடுக்கவில்லை.

"ஒரு முறுக்கு, அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள் வடிவு.

"ஒனக்கு ஒரு முறுக்கு. நான் ரெண்டு வாரமா செவத்தப் பாத்துல்லா யாவாரம் பண்ணுதேன்."

ஆனால் யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. தெரு நேராகிக்கொண்டிருந்தது. துருத்திய நடு வீடுகள் மெல்லப் பின்வாங்கின, தெற்கு வரிசையில் ஏறிக்கிடந்தவை இறங்கித் தன் தன் இடத்தில் உட்கார்ந்தன, மேலும் கீழும் சின்ன ரப்பர் வளையம் மாட்டச் சொன்ன மாதங்களில் வடக்கு வரிசையும் தெற்கு வரிசையும் ஒன்றையொன்று இழுத்து எதிரெதிர் வாசலாக வந்து நின்றன. முதல்முறையாகத் தண்ணீர் லாரி எங்கும் இடிக்காமல் தெருவுக்குள் வந்து போயிற்று. மாசித் திருவிழாவில் முனையோடு திரும்பிவிடும் சப்பரம் அந்த வருஷம் உள்ளே வந்தது, வாசலுக்கு வாசல் நின்றது, காந்திமதி தேங்காய் உடைத்துவிட்டு அழுதாள். அடுத்த தெருவிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள் வீட்டைப் பார்க்கும் முன்னால் தெருவை ஒரு நடை நடந்து பார்த்தார்கள்.

கடைசியாக மிச்சம் இருந்தது முன்பல் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. டாக்டர் ஜெசிந்தா பல்லோடு பல்லாக ஒரு ரப்பர் சங்கிலியை மாட்டி, "இனிமே இது மூடுறதுதான் பாக்கி" என்றாள். வடிவு பஸ்ஸில் வரும்போது நாக்கு நுனியால் அந்த இடைவெளியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சந்து சுருங்கியது. மாடத்தியின் வண்டி இரண்டு பக்கச் சுவரிலும் உரசிக்கொண்டு வெளியே வந்தது, அடுத்த வாரம் உரசியும் வரவில்லை. மாடத்தி வண்டியை ஒருநாள் கழற்றித் துண்டுதுண்டாகத் தெருவுக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டி, வடிவின் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, மாவுச்சட்டியையும் தேங்காய்ப்பாலையும் ஒருக்களித்து நடந்து சுமந்து வந்தாள். அவள் வீட்டுக்கு வேறு வழி கிடையாது, பின்னால் மதில், மதிலுக்குப் பின்னால் குளம்.

அண்ணாச்சி தெருக்கூட்டம் போட்டார். ஒரு சந்துக்காகத் தெருவையே ஓட்டையாக வைத்திருக்க முடியாது, மாடத்திக்குக் கோயிலுக்குப் பின்னால் ஒரு இடம் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மாடத்தி ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்கம்மா செத்ததும் எம் மவளப் பெத்ததும் அந்த வீட்டுல. ஒரு பொம்பள பல்லு வரிசையா வரணும்னு நான் எதுக்கு எந்திரிச்சுப் போவணும்?"

"சந்து மூடிட்டா என்ன பண்ணுவ?" என்றார் அண்ணாச்சி.

"உள்ள கெடப்பேன். நீங்க எல்லாரும் வரிசையா இருங்க."

சொல்லிவிட்டு அவள் வடிவைத் திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி துருவி, நீ என்ன சொல்லுத?"

வடிவின் கை தானாக வாய்க்குப் போயிற்று. அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. இருபது வருஷம் தன் வாயை மூடவைத்தவள் தன் பல்லுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடப்பதை அவள் மனசு இரண்டு மூன்றுமுறை ஆசையோடு நினைத்துப் பார்த்தது. கூட்டம் முடிந்து வீட்டுக்குள் போனபின் அப்படி நினைத்ததற்காகக் கொஞ்சம் அசிங்கமாகவும் இருந்தது, ஆனால் சங்கிலியைக் கழற்றச் சொல்கிற அளவுக்கு இல்லை.

அடுத்த முறை பாளையங்கோட்டைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால், மத்தியான நேரம், ஸ்டுடியோவில் ஒருவரை உட்காரவைத்து நாடியை உயர்த்திக்கொண்டிருந்த வடிவுக்கு முன்பல்லில் மாம்பழ நார் சிக்கின மாதிரி இருந்தது. நாக்கால் தள்ளினாள், போகவில்லை. வாயைக் கொப்பளித்தாள், போகவில்லை. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் பல்லிடுக்கிலிருந்து ஆப்பமாவின் புளித்த வாசனை வந்தது, காது கொடுத்துக் கேட்டால் வசவு கேட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது. வந்தவரை அப்படியே உட்காரவைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.

இரண்டு வீட்டுச் சுவருக்கும் நடுவில், தலையில் மாவுச்சட்டியோடு, ஒருக்களித்தபடி மாடத்தி மாட்டிக்கொண்டு நின்றாள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. தெருவே கூடி நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. மூச்சை உள்ளே இழு என்றார் ஒருவர், விடு என்றார் இன்னொருவர், விளக்கெண்ணெய் கொண்டுவர ஆள் போயிருந்தது. மாடத்தி ஒருவர் விடாமல் எல்லாருடைய பேரையும் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள், வடிவைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. வெற்றுக்கழுத்தில் ஒரு நரம்பு ஓடி ஓடி நின்றது, அது ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் வடிவின் முன்பல் இரண்டும் துடித்தன.

பல்லிடுக்கைச் சுத்தம் பண்ண டாக்டர் கொடுத்திருந்த ஊசிபோன்ற சின்ன பிரஷ் பையில்தான் இருந்தது. வடிவு அதை எடுத்து, அத்தனைபேர் முன்னாலும் கையால் மறைக்காமல் வாயைத் திறந்து, முன்பல் இரண்டுக்கும் நடுவே நுழைத்து, வலியைப் பொறுத்துக்கொண்டு மெல்ல உள்ளிருந்து வெளியே தள்ளினாள். சுவர்கள் ஒரு நூல் விலகின. மாடத்தி மாவுச்சட்டி சிந்தாமல் தெருவுக்கு வந்து விழுந்தாள்.

யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, சேலையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, மாடத்தி வடிவை அண்ணாந்து பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்து நின்றவர்கள் மாடத்தியைத் தெரியாதவர்கள்.

"நாளைக்கும் நான் யாவாரத்துக்குப் போவணும்ட்டி" என்றாள்.

டாக்டர் ஜெசிந்தா பழைய சங்கிலியைக் கழற்றிவிட்டுப் புதியதை இடுக்கியில் எடுத்தாள். "இன்னைக்கு இதப் போட்டுட்டா அடுத்த மாசம் சுத்தமா மூடிரும்."

"மூட வேண்டாம் டாக்டர். கொஞ்சம் திறக்கணும்."

"பொதுவா எல்லாரும் மூடத்தான் கேப்பாங்க. எவ்வளவு திறக்கணும்?"

"ஒரு ஆப்ப வண்டி போய் வார அளவு."

டாக்டர் சிரிக்கவில்லை. மடத்துத் தெருச் சங்கதி பாளையங்கோட்டை வரைக்கும் எப்போதோ வந்துவிட்டது. "பல் நகர்ந்தா எல்லாருக்குமே கூட ஏதாவது நகரும். சிலருக்கு முகம், சிலருக்குப் பேச்சு. உங்களுக்குத் தெரு" என்று சொல்லி இடுக்கியை வைத்துவிட்டு, ஒரு சின்ன சுருள்கம்பியை எடுத்தாள். "ஆனா பின்னால வருத்தப்படக் கூடாது."

"இப்பவே வருத்தமாத்தான் இருக்கு" என்று வடிவு வாயைத் திறந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அழுதாள். நல்லது செய்துவிட்டோம் என்ற திருப்தியெல்லாம் அப்போது வரவில்லை. இவ்வளவு தூரம் வந்து கடைசிப் படியில் திரும்பின ஆத்திரம்தான் இருந்தது. தெருவும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அண்ணாச்சி மறுபடியும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். மாடத்தியின் வண்டி பழையபடி முழுசாக உள்ளே போனது, முழுசாக வெளியே வந்தது. பிறகு சித்திரை வெயில் வந்து, ஒட்டிக்கொண்ட வீடுகளெல்லாம் புழுங்கிக் கிடக்க, அந்த ஒரு சந்து வழியாகக் குளத்துக் காற்று தெருவுக்குள் வந்தது. அதற்கப்புறம் அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களிடம், நடுவில் ஒரு சந்து விட்டால்தான் தெருவுக்கு நல்லது, அதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்லிவந்தேன் என்றார்.

கம்பி எடுத்த நாளில் வடிவின் பற்கள் கழுவிய தரைமாதிரி வழுவழுவென்று இருந்தன. தெருவில் காரை உதிர்ந்த சுவர்கள்கூட ஒரு பளபளப்போடு நின்றன. டாக்டர் அச்சு எடுத்துச் செய்த கிளிப்பை டப்பாவில் போட்டுக் கொடுத்து, "படுக்கப் போகும்போது மாட்டிக்கிடணும். விட்டுட்டா எல்லாம் பழைய இடத்துக்கே போக ஆரம்பிச்சிரும்" என்றாள். அது தெருவுக்குத் தெரிந்த நாள் முதல் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வாசல் வாசலாக, மாட்டியாச்சா, மாட்டியாச்சா என்று ஒரு கேள்வி போகும், காந்திமதி மாட்டியாச்சு என்று சொன்னபிறகு கதவுகள் சாத்தப்படும்.

கம்பி எடுத்த மறுநாள் ஸ்டுடியோவில் வேறு யாரும் இல்லாதபோது வடிவு கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, நாற்காலியில் தானே உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, பல் தெரியச் சிரித்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள். வரிசையான பற்கள், நடுவில் ஒரு இடைவெளி. அதைப் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு சாயங்காலம் தெருவுக்குள் வந்தபோது, சந்திலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு மாடத்தி வெளியே வந்தாள்.

"ஏட்டி துருவி, கையில என்ன?"

வடிவு படத்தை நீட்டினாள். மாடத்தி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். எதிர்த்த வாசல்களில் நின்றவர்களெல்லாம் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் மாடத்தி. "நடுவுல இந்த எடவெளி மட்டும் இல்லேன்னா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

சொல்லிவிட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்து, சந்துக்கு வெளியே வண்டியின் பின்சக்கரத்தை இழுத்துப் போட்டாள். வடிவுக்கு முதலில் அடிவயிற்றிலிருந்து ஒரு கோபம் எழும்பியது, அது தொண்டைக்கு வருவதற்குள் வேறொன்றாக மாறிவிட்டது, கையைத் தூக்க ஞாபகமே இல்லாமல் வாயை முழுசாகத் திறந்து அவள் சிரித்தாள். மடத்துத் தெருவில் தச்சரால் திறக்க முடியாதவை, துருப்பிடித்தவை, பூட்டிச் சாவி தொலைந்தவை உட்பட இரண்டு வரிசையிலும் இருந்த எல்லாக் கதவுகளும் ஒரே சமயத்தில் திறந்துகொண்டன.